தைலம் பூசின உடம்பு

பிலோமியைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய், மீதி வயிற்றெரிச்சல். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் கதையை என்னிடம் கேளுங்கள். என் பெயர் ஆலிஸ். ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் விடிகாலையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள். புருஷன் செத்து வெகுகாலம் ஆயிற்று. சந்தில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் இதையும் சொல்கிறேன்.

பிலோமியின் புருஷன் தேவப்பிரியம் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவன். கூச்ச சுபாவம். பெண்டாட்டியோடு பூசைக்குப் போனாலும் ஏதோ முன்பின் தெரியாதவன் மாதிரி முன்னால் விறுவிறுவென்று போவான். அவள் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அந்த ஒற்றை அறை வீட்டில் அவன் அம்மா அடைக்கலமேரியும் இருந்தாள். கிழவி தினமும் முதல் பூசை காண்கிறவள். சாமியாருக்கு அடுத்தபடி மோட்சத்தின் சாவி தன் முந்தானையில் முடிந்திருக்கிறது என்று நினைப்பு. சந்துப் பெண்கள் எல்லோரும் அவள் சொன்னால் உட்காருவார்கள், சொன்னால் எழுந்திருப்பார்கள்.

மாமியாரும் படுத்திருக்கிற ஒற்றை அறையில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு சுரூபக் கூடு உண்டு. உள்ளே மாதாவோ திருஇருதய ஆண்டவரோ இருப்பார்கள். முன்னால் சின்னதாக ஒரு திரை தொங்கும். வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெண்டாட்டி அந்தத் திரையை இழுத்து மூடினால் புருஷனுக்கு விஷயம் புரியும். சாமி பார்க்கக் கூடாதென்று மூடுவது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இந்தச் சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித் திரை மூடிப் பிறந்தவர்கள்தான். இதை வெளியே சொன்னதற்கு என்னை அடிக்க வருவார்கள். வரட்டும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கயிறு அறுந்து, இரும்புக் கொக்கி தேவப்பிரியத்தின் தலையில் அடித்தது. ஆஸ்பத்திரியில் நினைவே இல்லாமல் கிடந்தான். பிழைக்க மாட்டான் என்று கைவிரித்துவிட்டார்கள். பங்குச் சாமியார் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு வந்தார். சாகக் கிடக்கிறவனின் கண், காது, மூக்கு, வாய், கை, கால் எல்லாவற்றிலும் மந்திரித்த தைலத்தைத் தொட்டு வைத்துச் செபம் சொல்வது அது. சந்தில் பிரேதப் பெட்டிக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார்கள். இவன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

ஆனால் வீட்டுக்கு வந்தவன் வேறு ஆள். நடந்தான், சாப்பிட்டான், எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. காலையில் தெளிவாக இருப்பான். வெயில் ஏறினால் தலைவலி வந்துவிடும். ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், கத்துவான், அப்புறம் கத்தியதற்காக அழுவான். வாய்க்கு மூடி கழன்று போயிருந்தது. மனசில் வந்தது அப்படியே வெளியே வந்துவிடும். பார்க்க வந்த தாமஸ் உபதேசியாரிடம், "உன் வாய் நாறுது, தள்ளி குந்து" என்றான். சிறு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் அவர். முகம் செத்துப்போனது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைக் குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள், சோறு பிசைந்து கொடுப்பாள். அவன் அவளைப் பார்ப்பது சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, அவரு பொயச்சுகினாரு. ஆனா எம்புருஷன் இன்னும் ஆஸ்பத்திரிலருந்து வரல."

"கொஞ்சம் பொறுடி. ஒடம்பு தேறணும்ல."

"கொயந்தையாட்டம் எல்லாம் செய்றேன். செய்யறதுக்கு எனுக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. ஆனா நானு அவருக்கு ஆயாவா, பொண்டாட்டியா? வெக்கத்த வுட்டுச் சொல்றேன் அக்கா. எனுக்கு அவரு வேணும்."

கல்யாணமான ஒரு பெண் தன் புருஷனைக் கேட்பதற்கு எதற்கு வெட்கம்? ஆனால் அவள் கேட்பதற்கு முன்பே கிழவி பதில் தயாராக வைத்திருந்தாள். மகன் வீடு திரும்பிய அன்றைக்கே தன் பாயைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தாள். கேட்க வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று சொன்னாள்.

"தைலம் பூசின ஒடம்பு அது. ஆண்டவருக்குன்னு தொட்டு வச்சாச்சு. இனிமே பொம்பள தொடக் கூடாது. தொட்டா குடுத்த ஆயுசத் திருப்பி எடுத்துக்குவாரு."

தாமஸ் உபதேசியாரும் தலையை ஆட்டி, அந்தக் காலத்து வழக்கம் அப்படித்தான் என்றார். எந்தக் காலம், யாருடைய வழக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சாவுப் படுக்கையில் தைலம் வாங்கியவன் அவனுக்கு முன்னால் இந்தச் சந்தில் ஒருத்தனும் எழுந்து வந்ததில்லையே, வழக்கம் எங்கிருந்து வந்தது என்றேன். வாய்க்காரிக்கு விசுவாசம் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கல்யாணம் கட்டிவைத்த மகனைக் கடவுள் பேரைச் சொல்லித் திரும்பத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள் அந்தக் கிழவி. அவ்வளவுதான் விஷயம்.

தையல் ஆறியதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார், விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். பிலோமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, அவரு முன்ன மாதிரி இருக்கலாங்களா?"

"வேலைக்கா? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"வேலைக்கு இல்லீங்க ஐயா."

அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது. மேஜையைப் பார்த்துக்கொண்டே, "உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இந்த நேரத்தில் உனக்கு இதுதான் கவலையா?" என்றார். பக்கத்தில் நின்ற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேஜை மேலிருந்த மைக்கூட்டைத் தூக்கி அவர் சட்டையில் கவிழ்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. மண்டையைத் தைக்க அத்தனை வருஷம் படித்தவருக்கு, அந்த மண்டைக்குக் கீழே ஒரு மனுஷன் குடும்பம் நடத்துகிறான் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது பிலோமி, "நான் கேட்டது தப்பா அக்கா?" என்று கேட்டாள். "தப்பு அந்த டாக்டர் பேர்ல" என்றேன். தேவப்பிரியம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டருக்கு இன்னாத்துக்குக் காது செவந்துச்சு?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான்.

ஆனால் பிலோமி விடுகிறவள் இல்லை. கிழவி முதல் பூசைக்குப் போகிற நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் அவர்களுக்குத் தனிமை. அவனுக்கும் அந்நேரம்தான் தலை தெளிவு. ஒரு நாள் கிழவி முக்காடு போட்டுக்கொண்டு இறங்கியதும் பிலோமி எழுந்து சுரூபக் கூட்டின் திரையை மூடினாள்.

"இன்னாத்துக்கு மாதாவ மூடுறே? பூச்சி வருதா?" என்றான் அவன்.

அவள் திறந்துவிட்டாள். மறுநாளும் மூடினாள். இந்த முறை அவனே எழுந்துபோய்த் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். சாடை என்பதே அவன் மண்டையில் ஏறவில்லை. முன்பு திரை அசைந்தால் போதும் என்றிருந்தவனுக்கு இப்போது திரை வெறும் துணி. என்னிடம் வந்து அழுதாள். எனக்கு யோசனை சொல்லத் தெரியவில்லை. எங்கள் சந்துப் பெண்களுக்கு அதைக் கேட்க வார்த்தையே கிடையாது. இருக்கிற வார்த்தைகளையெல்லாம் வசவுக்குச் செலவழித்துவிட்டோம். குழாயடியில் சண்டை வந்தால் அந்தரங்கம் ஒன்று பாக்கியில்லாமல் நாற அடிக்கிற வாய்கள், புருஷனிடம் கிட்டே வா என்று சொல்லத் தெரியாமல் திரையை இழுத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் திரை பக்கமே அவள் போகவில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து அவன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தாய்யா. எனுக்கு நீ வேணும். புருஷனா வேணும். உனுக்கு நான் வேணுமா வேணாமா?"

அவன் சொன்னான்: "வேணும் பிலோமி. ஆனா வர மாட்டேன்னுது. கொக்கி அடிச்சதுலருந்து ஒடம்பு கட்டையாட்டம் கீது. பயமாவும் கீது. தல வெடிச்சுப்பூடுமோன்னு."

அவள் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு வரவில்லை என்று கேட்டு மற்றவள் என்றால் இடிந்து போயிருப்பாள். இவளோ அன்றைக்கு என்னிடம் ஓடிவந்து சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னாருக்கா! வாயத் தொறந்து சொன்னாரு!" என்றாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தன்னை அவனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அத்தனை நாளும் அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் காலைதோறும் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டு. தலை வலிக்கிறது விடு என்றால் விடுவாள். இங்கே கையை வை என்பாள், வைப்பான். இது நல்லா கீது என்பான், இது வேணாம் என்பான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த உடைந்த மண்டைக்காரனிடம் பேசினாள். சில நாள் ஆரம்பித்து நடுவில் நின்றுபோகும், அவன் அழுவான். அழு, அப்பால பாக்கலாம் என்பாள். அவசரமே படவில்லை. இதெல்லாம் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும், சுவரில் காதை வைத்து அல்ல. சுவரில் காதை வைக்கிற பழக்கம் எதிர்வீட்டு புஷ்பமேரிக்கு.

தவக்காலம் முடிந்து ஒரு காலையில் குழாயடியில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். கிழவி பூசை முடிந்து செபமாலையோடு சந்துக்குள் நுழைகிறாள். நான் ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். தேவப்பிரியம் வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"ஆலிஸக்கா! இன்னிக்கு ஆயிடுச்சு! எனுக்கும் பிலோமிக்கும்! தல வலிக்கவே இல்ல!"

ஆப்பம் கருகிப்போனது.

அவன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அடைக்கலமேரி உள்ளே போய் சுரூபக் கூட்டின் திரையைப் பிய்த்து எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள். பிலோமியின் குடத்தை வரிசையிலிருந்து காலால் தள்ளினார்கள். தைலத்தைத் தீட்டாக்கினவள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டுத்தான் பிடிப்போம் என்றார்கள். அவள் நடந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தலைவலி வந்தால் இவள் செய்த வேலை, காய்ச்சல் வந்தால் இவள் செய்த வேலை. தொட்டால் செத்துப்போவான் என்று சொன்னார்களே, ஆள் திடமாக ஆப்பம் தின்றுகொண்டு இருக்கிறானே என்று ஒருத்தி யோசிக்க வேண்டுமே. யோசித்தால்தானே.

பிலோமி கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். அவர் திகைத்துப் போனார். "அப்படி ஒரு கட்டளை திருச்சபையில் கிடையாதம்மா. அந்தத் தைலம் குணமாவதற்காகவும்தான் பூசுவது. குணமானவன் தன் மனைவியோடு வாழ்வதில் என்ன பாவம்?" என்றார். அதோடு நிற்காமல் கிழவியையும் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார். நேற்றுவரை அவர் கையை முத்தமிட்ட அதே பெண்கள் குழாயடியில், "சாமியாருக்குக் குடும்பத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரித்தார்கள்.

பிலோமிக்கு மாசம் தள்ளிப்போனது. இதற்கு மேல் ஒன்றும் பேச முடியாது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் சந்து இன்னொரு கதையைக் கட்டியது. மண்டையில் அடிபட்டவனுக்கு ஏது பிள்ளை? தேவப்பிரியத்தோடு விஞ்ச் ஓட்டிய லோகநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கிக்கொண்டு வந்து, சிநேகிதனுக்கு முகம் மழித்துவிட்டுப் போவான். அவன் பேரைச் சேர்த்துவிட்டார்கள். காதில் விழுந்ததும் அவன் வருவதையே நிறுத்திவிட்டான். தேவப்பிரியம் வாசலில் நின்று, "புள்ள என்னுது! என்னுதுன்றேன்ல!" என்று கத்தினான். "பாவம், கிறுக்கு. அவனுக்கு இன்னா தெரியும்" என்றார்கள். குழாயடியில் அவன் சொன்னபோது வேதவாக்கு, இப்போது அதே வாய் சொன்னால் கிறுக்கு. அவன் பேச்சு பெண்டாட்டியை அடிக்க உதவினால் மட்டும் நம்புவார்கள். எனக்கு அவர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே தேவப்பிரியம். எங்கள் சந்தில் ஒரு வழக்கம். தலைப்பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தகப்பனுடைய தாய்தான் கையில் தூக்கிக்கொண்டு சந்து வழியே போக வேண்டும். பெற்றவள் வீட்டிலேயே இருப்பாள். பாட்டி தூக்கிவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை. அதற்கப்புறம் ஒரு நாக்கும் அசையாது. தூக்காவிட்டால் அந்தப் பிள்ளை சாகும்வரை சந்தேகத்துப் பிள்ளைதான், கல்யாணச் சந்தையிலும்கூட.

குழந்தைக்கு வெந்நீர் விட்டுக்கொண்டு நான் அங்கேதான் இருந்தேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அடைக்கலமேரி உள்ளே திரும்பிப் பேசினாள். பேரம் பேசுகிற குரல்.

"நாந்தான் தூக்கினு போவேன். எல்லார் வாயும் மூடும். ஆனா நீ மாதா மேல கைய வச்சுச் சொல்லு. இனிமே அவனாண்ட அண்ணன் தங்கச்சியாட்டம் இருப்பேன்னு."

நான் பிலோமியின் காதில், "சொல்லித் தொலடி. அப்பால பாத்துக்கலாம்" என்றேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அவள் மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஜாதி இல்லை. நான்தான் அந்த ஜாதி.

"அத்தே, எம்பொண்ணு யாரோடதுன்னு உனுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டாள்.

"எனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா?"

கிழவி இதைச் சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை மாதமும் தெரிந்துகொண்டேதான் வாயை மூடியிருக்கிறாள். லோகநாதன் பேர் சந்து முழுக்கச் சுற்றியபோது செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பேத்தி பிறந்த பிறகும் உள்ளுக்குள் அவள் மூக்கை அடையாளம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

பிலோமி அழவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சுகினே சும்மா குந்தினு இருந்தியா? அப்ப எம்பொண்ண நீ தொடாத. அவளுக்கு அப்பன் தோ குந்தினு கீறாரு. நீ தூக்கினாத்தான் அவரு அப்பன்னா, உங்க சந்து அந்த வயக்கத்த வச்சுக்கட்டும். நான் எம்புருஷன வுட்டுக் குடுக்க மாட்டேன்."

தேவப்பிரியம் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "நானே தூக்கினு போறேன். ஆனா காலைல போவலாம். மத்தியானம் தல வலிக்கும்" என்றான்.

அடைக்கலமேரி பாயைச் சுருட்டிக்கொண்டு காசிமேட்டில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் நின்று சபித்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நான் ஞானத்தாயாகப் பக்கத்தில் நடக்க, கோயிலுக்குப் போனோம். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. ஆனால் அத்தனை ஜன்னலும் ஒருக்களித்திருந்தது.

அதற்கப்புறம் சில மாதம் கழித்து ஒரு காலை. வழக்கமான நேரம், குழாயடியில் வழக்கமான கூட்டம். பிலோமியின் குடத்துக்கு அப்போதும் வரிசையில் கடைசி இடம்தான். அவள் உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளித்து, தலையைத் தளர முடிந்திருந்தாள். என்னிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், எனக்குப் புரிந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. குழாயடி நடுவில் நின்று, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெளிவான குரலில் சொன்னாள்.

"அக்கா, பாப்பாவ கொஞ்ச நேரம் பாத்துக்க. நானு எம்புருஷன்கூடப் படுக்கப் போறேன்."

உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. புஷ்பமேரியின் குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி வாயிலிருந்தும் வசவுகூட வரவில்லை. நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புஷ்பமேரியின் குடத்தை நகர்த்திவிட்டு, பிலோமியின் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.